வெறுங்கையோடு போகும் பெண்கள்! - மரியாயின் சேனை செய்யும் வேலை என்ன?

உடம்பு சரியில்லாத ஒருவரைப் பார்க்கப் போகிறோம் என்றால், கையில் இரண்டு ஆப்பிளாவது ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலாவது இருக்க வேண்டும். இல்லையென்றால், “வெறுங்கையோடயா போறது?” என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்டுவிடுவார்கள். ஆனால், பணமோ பொருளோ கொடுக்கக் கூடாது என்று விதியே வைத்துக்கொண்டு, நூறு வருடங்களுக்கு மேலாக நோயாளிகளையும் தனிமையில் இருப்பவர்களையும் பார்க்கப் போகிறது ஓர் அமைப்பு. கத்தோலிக்கப் பங்குகளில் எல்லோருக்கும் தெரிந்த ‘மரியாயின் சேனை’தான் அது.

சேனை என்றதும் சண்டை நினைவுக்கு வரலாம். இந்தச் சேனையின் ஆயுதம் செபமாலை. படைவீரர்களில் பலர் வீட்டுச் சமையலை முடித்துவிட்டு வரும் அம்மாக்களும் பாட்டிகளும்!

பெண்கள் கேட்ட ஒரு கேள்வி

கதை தொடங்குவது அயர்லாந்தின் தலைநகரான டப்ளினில். அங்கே பிரான்சிஸ் தெருவில் ‘மைரா ஹவுஸ்’ என்றொரு கட்டடம். ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபையினர் அங்கே கூடுவார்கள். அன்று அந்தச் சபையில் ஆண்கள் மட்டுமே உறுப்பினர்கள். பெண்கள் கூடமாட உதவி செய்வார்கள், அவ்வளவுதான்.

ஒருநாள், ஏழைகளுக்கான அரசு மருத்துவமனைக்குப் போய் வந்த ஒருவர், அங்கிருந்த நோயாளிகளைப் பற்றிச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த பெண்களுக்கு மனசு தாங்கவில்லை. “இந்த வேலையை நாங்களும் செய்யலாமா?” என்று கேட்டார்கள். அந்தக் கேள்விதான் விதை.

1921 செப்டம்பர் 7 அன்று மாலை, சுமார் 15 பெண்கள் அங்கே கூடினார்கள். பெரும்பாலும் இளம்பெண்கள். அவர்களோடு ஒரு பாதிரியார், நிதித்துறையில் வேலை பார்த்த 32 வயது பிராங்க் டஃப். மேசை மீது வெள்ளைத் துணி விரித்து, மாதா சுரூபம் வைத்து, இரண்டு பக்கமும் பூவும் மெழுகுவத்தியும் வைத்திருந்தார்கள். முட்டி போட்டுச் செபித்தார்கள். பிறகு, யார் யார் எந்த வார்டுக்குப் போவது என்று பிரித்துக்கொண்டார்கள். முதல் தலைவியாக எலிசபெத் கிர்வான் என்ற பெண்மணி பொறுப்பேற்றார்.

அந்தத் தேதியை நம்மூர்க்காரர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். மறுநாள் செப்டம்பர் 8, மாதாவின் பிறந்தநாள். வேளாங்கண்ணித் திருவிழாவும் அன்றுதான். அதை முன்கூட்டித் திட்டமிட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை, தானாக அமைந்தது என்று பின்னாளில் பிராங்க் டஃப் சொல்லியிருக்கிறார்.

ஆண்களுக்கான முதல் குழு வந்தது 1929-ல்தான். அதுவரை எட்டு வருடங்கள் பெண்கள் குழுக்கள் மட்டுமே இருந்தன. இன்று ஏறக்குறைய 170 நாடுகளில் இந்தச் சேனை இருக்கிறது.

யாரும் தொடாத வேலை

மருத்துவமனையோடு அவர்கள் நின்றுவிடவில்லை. 1922-ல், பாலியல் தொழிலில் சிக்கிய பெண்கள் அதிலிருந்து வெளியே வந்தால் தங்குவதற்கென்று ஒரு விடுதியைத் திறந்தார்கள். ‘நல்ல குடும்பத்துப் பெண்கள்’ அந்தத் தெருப் பக்கமே போகக் கூடாது என்றிருந்த காலம் அது.

1930-ல் வீடில்லாத பெண்களுக்காக ‘ரெஜினா செலி’ விடுதி தொடங்கப்பட்டது. கல்யாணமாகாமல் தாயானவர்களிடமிருந்து குழந்தையைப் பிரிப்பது அன்று அயர்லாந்தில் சாதாரணம். இந்த விடுதியில் தாயும் பிள்ளையும் சேர்ந்தே இருக்கலாம். இதற்காக அன்று எதிர்ப்பு கிளம்பாமல் இல்லை.

எடெல் குயின் என்ற பெண்ணின் கதை தனி. கன்னியாஸ்திரி ஆக ஆசைப்பட்டவருக்குக் காசநோய் குறுக்கே வந்தது. அந்த உடம்போடு 1936-ல் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குக் கிளம்பினார். ஊர் ஊராகப் போய் நூற்றுக்கணக்கான குழுக்களைத் தொடங்கிவைத்தார். 1944-ல் நைரோபியில் இறந்தபோது அவருக்கு வயது 36.

வாரம் இரண்டு மணி நேரம்

சேனையின் அடிப்படைக் குழுவுக்குப் பெயர் ‘பிரசீடியம்’. வாராவாரம் ஒரே நாளில், ஒரே நேரத்தில் கூட்டம். டப்ளினில் விரித்த அதே மாதிரி வெள்ளைத் துணி, மாதா சுரூபம், பூ, மெழுகுவத்தி. செபமாலை முடிந்ததும் ஒவ்வொருவரும் போன வாரம் செய்த வேலையைச் சொல்ல வேண்டும். யாரைப் பார்த்தோம், எப்படி இருக்கிறார், மறுபடி போக வேண்டுமா... இப்படி.

வாரத்துக்குச் சுமார் இரண்டு மணி நேரம் வேலை. பெரும்பாலும் இரண்டிரண்டு பேராகத்தான் போவார்கள். எங்கே போவது என்பதை அவரவர் விருப்பத்துக்கு விடாமல், குழுவே முடிவு செய்யும். கூட்டத்தில் காதில் விழுந்தது வெளியே போகக் கூடாது. தெருக் கதையாகிவிட்டால் அடுத்த முறை யார் மனம் திறப்பார்கள்?

செலவுக்கு ‘இரகசியப் பை’ ஒன்று கையிலிருந்து கைக்குப் போகும். பத்து ரூபாய் போட்டாரா, ஒன்றுமே போடவில்லையா என்பது பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது.

ஏன் எதுவும் கொடுப்பதில்லை?

பலருக்கும் நெருடுகிற விதி இதுதான். பணம் மட்டுமல்ல, பழைய துணிகூடக் கொடுக்கக் கூடாது. அதற்குச் சொல்லும் காரணம் யோசிக்க வைக்கிறது. ஒரு வீட்டுக்கு அரிசி கொடுத்தால், பக்கத்து வீடு ‘எங்களுக்கு ஏன் இல்லை?’ என்று கேட்கும். வசதியான வீடோ, ‘நாங்கள் என்ன ஏழைகளா?’ என்று கதவைச் சாத்திக்கொள்ளும். எல்லார் வீட்டுக்குள்ளும் போக வேண்டுமென்றால் கொடுப்பவராகப் போகக் கூடாது என்பது அவர்கள் கணக்கு.

அதற்காகப் பசியைப் பார்த்துவிட்டுச் சும்மா வந்துவிடுவதில்லை. உதவி செய்யும் அமைப்புகளிடம் விஷயத்தைக் கொண்டுபோகலாம். உடலுழைப்புக்கும் தடையில்லை. படுக்கையில் இருப்பவருக்குத் தலை வாரிவிடலாம், வீட்டைப் பெருக்கிக் கொடுக்கலாம், கடிதம் எழுதித் தரலாம்.

இது வெறும் சமூக சேவை இல்லை என்பதையும் அவர்கள் மறைப்பதில்லை. உறுப்பினர் முதலில் தன் ஆன்மாவைப் பக்குவப்படுத்திக்கொள்ள வேண்டும் என்பதே சேனையின் நோக்கம். நோயாளியைப் பார்க்கப் போவதும் அவர்களுக்கு ஒரு செபம்தான்.

நூம்பலுக்கும் இது தேவை

வேலப்பன்சாவடியை ஒட்டிய நூம்பல், வானகரம், திருவேற்காடு, பூந்தமல்லி என்று சென்னையின் மேற்குப் புறநகரில் வயல் இருந்த இடமெல்லாம் வீடுகளாகிவிட்டன. பிள்ளைகள் காலையில் போரூருக்கோ அம்பத்தூர் எஸ்டேட்டுக்கோ கிளம்பிவிட்டால், வயதானவர்களுக்கு மாலை வரை டிவிதான் துணை. எதிர்வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாத அடுக்ககங்கள் நிறைய. உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் வாடுகிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2025-ல் சொன்னது. அந்த ஒருவர் நம் மாடியிலேயே இருக்கலாம்.

இவர்களுக்கு மாத்திரையும் பணமும் வீட்டில் இருக்கும். ‘அடுத்த செவ்வாய்க்கிழமை வர்றோம்மா’ என்று சொல்லிவிட்டு, சொன்னபடி வந்து நிற்க ஆள்தான் இருக்காது.

நீங்களும் செய்யலாம்

எந்த மதத்தவரும் பின்பற்றக்கூடிய பழக்கங்கள் இந்தப் பெண்களிடம் இருக்கின்றன.

* தனியாகப் போகாதீர்கள். துணைக்கு ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.
* கிழமையை முடிவு செய்துகொண்டு, அதை மாற்றாதீர்கள்.
* அறிவுரையைக் குறைத்து, காதைக் கொடுங்கள்.
* அங்கே கேட்டதை வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள்.
* வேண்டாம் என்றால் சிரித்த முகத்தோடு திரும்பிவிடுங்கள்.

சேனையிலேயே சேர விரும்பும் கத்தோலிக்கர்கள், ஞாயிறு திருப்பலி முடிந்ததும் பங்குத்தந்தையிடம் விசாரிக்கலாம். குறைந்தது மூன்று மாதம் பழகிப் பார்த்த பிறகுதான் வாக்குறுதி எடுக்க வேண்டும். முட்டிவலியால் படி ஏற முடியாத பாட்டிகளுக்கும் இடம் உண்டு. வீட்டிலிருந்தபடியே தினமும் செபமாலையும் சேனையின் செபங்களும் சொல்கிறவர்களைத் ‘துணை உறுப்பினர்’ என்று சேர்த்துக்கொள்கிறார்கள்.