சாரணியத்துக்குச் சிறுவர்கள் உளர். வழிகாட்டும் பெரியோர் எங்கே?

ஆண்டுதோறும் பெப்ரவரி 22 ஆம் திகதி, சாரணர் இயக்கத்தின் தாபகரான பேடன் பவல் பிரபுவின் பிறந்த தினம் எமது பாடசாலைகளில் நினைவுகூரப்படுகின்றது. கொடியேற்றப்படுகின்றது, உறுதிமொழி புதுப்பிக்கப்படுகின்றது, அதன் புகைப்படங்கள் பத்திரிகை அலுவலகங்களுக்கும் வந்து சேருகின்றன. அப்படங்களைக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். கழுத்துப்பட்டி அணிந்த சிறுவர்கள் வரிசையாக நிற்பர். அவர்களருகே பெரியவர் ஒருவர் மாத்திரம் நிற்பார். அடுத்த ஆண்டு படத்திற் சிறுவர்கள் மாறியிருப்பர். பெரியவர் மாறியிருக்க மாட்டார். அவர் இடமாற்றம் பெற்றுச் சென்றாலோ ஓய்வு பெற்றாலோ, அதற்கடுத்த ஆண்டில் படமே வராது.

எமது பிரதேசங்களின் சாரணியத்தை இன்று வாட்டுவது சிறுவர் பற்றாக்குறை அன்று; அவர்களை வழிநடத்தும் தொண்டர் பற்றாக்குறையே என்பது எமது கருத்தாகும். சாரணர் செய்திகள் எனப் பிரசுரமாகின்றவை பெரும்பாலும் விருதுகளையும் பாசறைகளையும் பற்றியவை. அவ்விருதுகளுக்கும் பாசறைகளுக்கும் பின்னால் எத்தகைய பெரியவர்கள் தேவைப்படுகின்றனர், அவர்களிடம் இயக்கம் எதனை எதிர்பார்க்கின்றது என்பன பொதுமக்களுக்கு எடுத்துரைக்கப்படுவது அரிது. ஆகவே அதனை இங்கு சற்று விரிவாக நோக்குவோம்.

1899 - 1900 காலப்பகுதியில் தென்னாபிரிக்காவின் மவ்கிங் நகர் 217 நாட்கள் முற்றுகைக்குள்ளாகியிருந்தபோது, செய்திகளைக் கொண்டு செல்லும் பணியில் அந்நகரின் சிறுவர்கள் ஈடுபடுத்தப்பட்டனர். பொறுப்பை நம்பி ஒப்படைத்தால் சிறுவர் அதனை ஏற்று நிற்பர் என்பதை, நகரின் பாதுகாப்புக்குப் பொறுப்பாயிருந்த பேடன் பவல் அங்கு கண்டார். 1907 ஓகஸ்ட் மாதத்தில் இங்கிலாந்தின் பிரவுண்சீ தீவில் சுமார் 20 சிறுவர்களைக் கொண்டு அவர் நடத்திய பாசறையே இயக்கத்தின் தொடக்கமாகும். செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகளும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் அங்கு நான்கு அணிகளாக ஒன்றாகவே வாழ்ந்தனர். ஐந்தாண்டுகளுக்குள், 1912 இல், பிரான்சிஸ் ஜோர்ஜ் ஸ்டீவன்ஸ் என்பவர் மாத்தளை கிறைஸ்ட் சேர்ச் கல்லூரியில் இலங்கையின் முதலாவது சாரணர் குழுவை ஆரம்பித்தார். 1917 இல் கண்டியில் பெண் சாரணியமும் இங்கு கால்கோள் கொண்டது.

நூறாண்டைக் கடந்துவிட்ட அவ்வியக்கம் எமது மண்ணில் இன்னும் உயிர்ப்புடன் இருக்கின்றது என்பதற்குச் சான்றுகள் உண்டு. 2016 இல் தேசிய ஜம்போரி யாழ்ப்பாணத்தில் நடைபெற்றது. 2024 இல் அது திருகோணமலையில் நடைபெற்றது. போர் நிலவிய காலத்தில் வடக்கு, கிழக்கின் சிறுவர்களுக்கு வீட்டுக்கு வெளியே ஓர் இரவைக் கூடாரத்திற் கழிப்பது எண்ணிப் பார்க்கவும் இயலாததாக இருந்தது. அதே மண்ணில் நாட்டின் நாலா பக்கங்களிலிருந்தும் வந்த பிள்ளைகள் ஒரே பாசறைத் தீயைச் சுற்றி அமர்ந்தமை சாதாரண நிகழ்வன்று. ஆனால், ஜம்போரி சில நாட்களில் முடிவடைந்துவிடும். ஆண்டின் ஏனைய வாரங்களில் மாலை வேளையிற் பாடசாலை மைதானத்துக்கு வந்து நிற்பவர் யார் என்பதே இயக்கத்தின் உண்மையான உரைகல்லாகும்.

சாரணியத்தின் அடிப்படை அணி முறையாகும். ஆறு முதல் எட்டுச் சிறுவர் வரை ஓர் அணி. அவர்களுள் ஒருவரே அணித்தலைவர். சமையல், கூடாரம், நடைபயணம் ஆகிய யாவற்றையும் அணியே திட்டமிட்டு அணியே நிறைவேற்ற வேண்டும். இம்முறையிற் பெரியவரின் பணி கட்டளையிடுவதன்று. சிறுவன் தவறு செய்து கற்பதற்கு இடமளித்து, அத்தவறு ஆபத்தாக மாறாதபடி அருகில் நிற்பதேயாகும். சோறு குழைந்து போனால் அவர் குறுக்கிடலாகாது; கிணற்றங்கரையில் ஒருவன் எட்டிப் பார்த்தால் குறுக்கிட்டே ஆக வேண்டும். இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டை உணர்வது எளிதான காரியமன்று. அதனாற்றான் தொண்டருக்கும் பயிற்சி அவசியமாகின்றது.

அப்பயிற்சிக்கு ஒரு வரலாறு உண்டு. இலண்டனுக்கு அண்மையிலுள்ள கில்வெல் பூங்காவில் 1919 செப்டெம்பரில் முதலாவது தருசின்னப் பயிற்சி நடைபெற்றது. அதனை நிறைவு செய்த தலைவர்கள் கழுத்தில் அணியும் இரு மரமணிகள் இன்றும் உலகெங்கும் வழக்கிலுள்ளன. இலங்கையிலும் அறிமுகக் கருத்தரங்கு, அடிப்படைப் பயிற்சி எனப் படிப்படியாகவே ஒருவர் தருசின்னத்தை எட்டுகின்றார். அங்கு ஆசிரியரும் அதிகாரியும் அணி அணியாகப் பிரிக்கப்பட்டு, சிறுவர்களைப் போலவே விறகு பொறுக்கிச் சமைத்து, முடிச்சுப் போட்டுக் கற்கின்றனர். சிறுவனிடம் எதனைக் கேட்கப் போகின்றோமோ அதனை முதலில் நாமே செய்து பார்க்க வேண்டும் என்பதே அதன் தத்துவம்.

இனி, தொண்டராக முன்வரும் ஒருவரிடம் எதிர்பார்க்கப்படுகின்றவை எவை? வயது வந்தவராகவும் நன்னடத்தை உள்ளவராகவும் இருத்தல் முதலாவது. சாரண உறுதிமொழியையும் சட்டத்தையும் தாமும் ஏற்று ஒழுகுதல் இரண்டாவது. பயிற்சிக்கு இணங்குதல் மூன்றாவது. வாரந்தோறும் ஒன்றரை, இரண்டு மணித்தியாலங்களை ஒழுங்காக ஒதுக்குதல் நான்காவது. இவற்றுள் மிகக் கடினமானது நான்காவதே என்பதை அனுபவமுள்ளோர் அறிவர். ஒரு நாள் சிரமதானத்துக்கு நூறு பேர் வருவர். ஓராண்டு முழுவதும் சனிக்கிழமை தவறாமல் வருவதற்கு மூவர் கிடைப்பது அரிது. ஊதியம் இல்லை, சீருடையைக்கூடச் சொந்தச் செலவிற் தைக்க வேண்டியிருக்கும்.

ஆயினும் எல்லாத் தொண்டரும் சீருடை அணிந்தோராக இருக்க வேண்டிய தேவையில்லை என்பதைப் பலர் அறியார். திறமைச் சின்னங்களுக்கான பயிற்சியளிக்கவும் பரீட்சிக்கவும் அவ்வத்துறை அறிந்தோர் தேவை. கயிற்று முடிச்சுக்களைக் கற்பிக்க வல்வெட்டித்துறையிலோ பாசையூரிலோ உள்ள கடற்றொழிலாளர் ஒருவரைவிடச் சிறந்த ஆசானை எங்கு தேடுவது? முதலுதவிக்குத் தாதி உத்தியோகத்தர், வரைபட வாசிப்புக்கு நில அளவையாளர், வீட்டுத் தோட்டத்துக்கு விவசாயி, கணக்கு வழக்குக்கு ஓய்வு பெற்ற வங்கி உத்தியோகத்தர் என ஒவ்வொரு கிராமத்திலும் ஒரு சாரணர் குழுவுக்கு வேண்டிய அறிவு சிதறிக் கிடக்கின்றது. குருளைச் சாரணர் பிரிவிற் பெண் ஆசிரியைகள் ஆற்றிவரும் பணி தனியாகப் பாராட்டத்தக்கது. தாய்மாரும் அதில் இணைந்து கொள்ளலாம்.

நன்னடத்தை பற்றிய நிபந்தனையைச் சிலர் வெறும் சம்பிரதாயமாகக் கருதுகின்றனர். இன்னும் சிலர் அதனை அவமதிப்பாகவும் கருதுகின்றனர். "சேவை செய்ய வந்த எம்மிடம் நற்சான்றுப் பத்திரமா?" என்ற மனத்தாங்கல் எழுவதுண்டு. அத்தகையோருக்கு அமெரிக்காவின் அனுபவம் ஒரு பாடமாகும். அந்நாட்டுச் சாரணர் அமைப்பு 2020 பெப்ரவரியில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. சிறுவர்களாக இருந்த காலத்திற் பாலியல் துஷ்பிரயோகத்துக்கு ஆளாக்கப்பட்டோம் எனக் கூறி 82,000 இற்கும் மேற்பட்டோர் முறையிட்டனர். 246 கோடி டொலர் இழப்பீட்டுத் திட்டமொன்று வகுக்கப்பட்டது. நல்லெண்ணம் கொண்ட ஆயிரமாயிரம் தொண்டர்களின் உழைப்பின் மீதும் அதனால் நிழல் விழுந்தது. நம்பிக்கை மட்டுமே பாதுகாப்பாகாது என்பதை அவ்வமைப்பு மிகப் பெரிய விலை கொடுத்தே கற்றுக்கொண்டது.

சிறுவரைத் தீங்கிலிருந்து காத்தல் பற்றி 2002 இல் கிரேக்கத்தின் தெசலோனிக்கி நகரிற் கூடிய உலக சாரணர் மாநாடு தீர்மானம் நிறைவேற்றியது. அதன் வழிவந்த நடைமுறைகள் எளியவை. எந்தச் சிறுவனுடனும் எந்தப் பெரியவரும் மறைவிடத்திற் தனித்திருத்தல் ஆகாது. பாசறையிற் குறைந்தது இரு பெரியவர்களாவது இருத்தல் வேண்டும். பெரியவரும் சிறுவரும் ஒரே கூடாரத்தில் உறங்குதல் கூடாது. தண்டனை என்ற பெயரில் அடித்தலோ இழிவுபடுத்துதலோ கூடாது. முறைப்பாடு எழுந்தால் அதனைக் குழுவுக்குள்ளேயே மூடி மறைத்தலாகாது. எமது நாட்டில் 1998 ஆம் ஆண்டின் 50 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை உள்ளது. 1929 என்ற அதன் தொலைபேசி இலக்கத்தைப் பாசறைக்குச் செல்லும் ஒவ்வொரு பிள்ளையும் அறிந்திருத்தல் நன்று. இந்நடைமுறைகள் பிள்ளையை மட்டுமன்றி, நேர்மையான தொண்டரை வீண்பழியிலிருந்தும் காக்கின்றன. ஒளிவு மறைவற்ற மனிதருக்கு இவற்றினால் எவ்வித இழுக்குமில்லை.

பாதுகாப்பு என்பது இத்துடன் நின்றுவிடுவதில்லை. குளம், கிணறு, கடல் ஆகியவற்றை அண்டிய பாசறைகளில் நீந்தத் தெரிந்த பெரியவர் வேண்டும். வன்னிப் பிரதேசத்தின் நடைபயணப் பாதையொன்றைத் தெரிவு செய்வதற்கு முன்னர், அப்பகுதியிற் கண்ணிவெடி அகற்றப்பட்டுவிட்டதா என்பதை உறுதிப்படுத்த வேண்டும். பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதம், பிள்ளையின் நோய் விபரம், அருகிலுள்ள வைத்தியசாலைக்குச் செல்லும் வழி ஆகியன தலைவரின் கைவசம் இருக்க வேண்டும். 'ஆயத்தமாயிரு' என்ற சாரணர் மகுட வாக்கியம் சிறுவருக்கு முன்னர் பெரியவருக்கே உரியது.

எமது சமூகத்தில் நிலவும் ஓர் ஐயத்தையும் இங்கு குறிப்பிடுதல் அவசியம். சீருடை, அணிவகுப்பு, வணக்கம் செலுத்துதல் ஆகியவற்றைக் கண்டு, இது இராணுவப் பயிற்சியின் வேறொரு வடிவமோ எனச் சில பெற்றோர் அஞ்சுகின்றனர். மூன்று தசாப்த காலப் போரைச் சந்தித்த மக்களிடம் அவ்வச்சம் இருப்பதில் வியப்பில்லை. பாடசாலைகளில் இயங்கும் மாணவர் படையணி பாதுகாப்பு அமைச்சின் கீழ் வருவது. சாரணியம் அவ்வாறானதன்று. அது ஆயுதப் பயிற்சி அளிப்பதில்லை. கட்சி அரசியலுக்கும் அதில் இடமில்லை. இதனை எடுத்துரைக்கும் கடமை சாரணத் தலைவர்களுக்கு உண்டு. அதேவேளை, அரசியல்வாதிகளின் வரவேற்பு வரிசைகளில் வெயிலில் நிற்பதற்குச் சாரணரை அழைக்கும் வழக்கத்தையும் பாடசாலைகள் கைவிடல் வேண்டும்.

தொண்டர்கள் ஏன் கிடைப்பதில்லை என்ற வினாவுக்கு வருவோம். இலங்கையிற் சாரணர் குழுக்கள் பெரும்பாலும் பாடசாலைகளைச் சார்ந்தே இயங்குகின்றன. இது பலமாகவும் பலவீனமாகவும் அமைந்துள்ளது. நாம் அறிந்த கிராமப் பாடசாலை ஒன்றில் ஆர்வமிக்க ஆசிரியர் ஒருவர் பல்லாண்டு உழைத்துக் குழுவொன்றைக் கட்டியெழுப்பினார். அவருக்கு இடமாற்றம் வந்தது. பொறுப்பேற்க எவரும் இல்லை. சில காலம் கழித்து நாம் அங்கு சென்றபோது, களஞ்சிய அறையிற் கூடாரங்களைக் கறையான் அரித்திருந்தது. அணிக்கொடிகள் ஒரு மூலையிற் கிடந்தன. தருசின்னத்துக்கு முந்திய படியில் ஒருவர், ஜனாதிபதி சாரணர் விருதுக்கு முந்திய படியிற் சில மாணவர்கள் என யாவரும் இடைவழியில் நின்றுவிட்டனர். அவ்விருதை 18 வயது நிறைவதற்குள் பெற்றாக வேண்டும். ஒரு குழு இரண்டு ஆண்டுகள் உறங்கிவிட்டால், அவ்விரண்டு ஆண்டுகளை அம்மாணவருக்கு யாராலும் மீட்டுக் கொடுக்க இயலாது.

மாலையிலும் வாரவிறுதியிலும் தனியார் கல்வி நிலையங்கள் பிள்ளைகளை ஈர்த்துக்கொள்வதும், பரீட்சைக்கு உதவாத யாவும் வீண் என்ற எண்ணம் பெற்றோரிடம் ஊறியிருப்பதும் ஏனைய காரணங்களாகும். மாத்தளையின் மலைச்சாரலிற் பிறந்த இவ்வியக்கம், நகரத்தின் பெரிய கல்லூரிகளிற் செழித்த அளவுக்குத் தோட்டப்புறங்களிலும் பின்தங்கிய கிராமங்களிலும் வேரூன்றவில்லை என்பதும் வருத்தத்துக்குரியது. சாரணியத்தின் பயன் எவருக்கு மிகவும் தேவையோ அவரிடமே அது சென்றடையாதிருக்கின்றது.

இந்நிலையிற் சில யோசனைகளை முன்வைக்க விரும்புகின்றோம். முதலாவதாக, ஒரு குழுவுக்கு ஒரு ஆசிரியர் என்ற நிலை மாறி, ஆசிரியர் ஒருவரும் ஊரைச் சேர்ந்த பழைய சாரணர் இருவரும் என்ற ஒழுங்கு ஏற்படல் வேண்டும். ஊரவருக்கு இடமாற்றம் வருவதில்லை. இரண்டாவதாக, சாரண ஆசிரியரை இடமாற்றும்போது, பொறுப்பேற்பவர் யார் என்பதை அதிபரும் வலயக் கல்வி அதிகாரிகளும் முன்கூட்டியே தீர்மானித்தல் வேண்டும். மூன்றாவதாக, மாவட்டச் சாரணர் சங்கங்கள் தமது செய்திகளிற் பாராட்டு விழாக்களுக்கு அளிக்கும் இடத்திற் சிறு பங்கையேனும் தொண்டர் தேவை பற்றிய அறிவித்தலுக்கு அளித்தல் வேண்டும். எந்தப் பாடசாலைக்கு எத்தகைய உதவி தேவை, பயிற்சி எப்போது, எவரை அணுகுவது என்பன தெளிவாகத் தமிழில் வெளிவருமாயின், முன்வரத் தயங்குவோரும் முன்வருவர். நான்காவதாக, சாரணியத்தின் வாயிலை அகலத் திறக்கும் அதேவேளை, அவ்வாயிலிற் காவலும் இருத்தல் வேண்டும். ஆள் கிடைக்காத அவசரத்தில் நற்சான்றையும் பயிற்சியையும் தளர்த்துவது, பற்றாக்குறையைவிடப் பெரிய கேடாகும்.

இன்று ஐம்பது, அறுபது வயதைக் கடந்துவிட்ட எமது வாசகர்களுட் பலர், தமது இளமையிற் காக்கிச் சட்டை அணிந்து, வேலை வாரத்தில் வீடு வீடாகச் சென்று வேலை செய்து உழைத்த சில்லறைக் காசை அட்டையிற் பதிவு செய்தவர்களே. அன்று அவர்களுக்கு முடிச்சுப் போடக் கற்பித்தவர் எவ்வித ஊதியமுமின்றியே தமது மாலைப் பொழுதுகளை அளித்தார். அவருக்கு அக்கடனை இனி அடைக்க முடியாது. ஆனால், அதே மைதானத்தில் இன்று வழிகாட்டியின்றி நிற்கும் பிள்ளைகளுக்கு அடைக்கலாம். வாரத்தில் இரண்டு மணித்தியாலங்களே கேட்கப்படுகின்றன. அருகிலுள்ள பாடசாலையின் அதிபரையோ மாவட்டச் சாரண ஆணையாளரையோ அணுகி, "நான் என்ன செய்யலாம்?" என வினவுவதே அதற்கான முதற்படியாகும். அவ்வினாவை எழுப்புவோர் எமது ஊர்கள் தோறும் பெருக வேண்டும்.