அடுத்தவர் கொடுக்கும் சம்பளம்

களமும் கணக்கும் – 7

2022 மே 23 அன்று, டாம்பா நகர அரங்கில் 2-0 என்று தோற்று, புளோரிடா பேந்தர்ஸ் அணி ஸ்டான்லி கோப்பைப் போட்டியிலிருந்து வெளியேறியது. அந்தப் பருவத்தில் 122 புள்ளிகளோடு என்.எச்.எல். பனி ஹாக்கி லீகின் 32 அணிகளில் முதலிடம் பிடித்த அணி அது. 82 ஆட்டங்களில் 340 கோல் அடித்திருந்தது. நாக்அவுட் கட்டத்தின் இரண்டாம் சுற்றில் டாம்பா பே லைட்னிங்கோடு மோதிய நான்கு ஆட்டங்களில் அடித்ததோ மூன்றே கோல். நான்கிலும் தோல்வி.

முதலிடம் பிடித்த அணியைக் கலைத்துப் போட யாருக்கும் மனம் வராது. ஒரு தொடரில் சறுக்கியதற்காக ஏன் கை வைக்க வேண்டும் என்று அப்படியே விட்டிருந்தால், அதை யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். பொது மேலாளர் பில் ஸீட்டோ வேறு மாதிரி யோசித்தார். அவர் யோசித்ததைப் புரிந்துகொள்ள, முதலில் அவர் கையில் இருந்த பணத்தைப் பார்க்க வேண்டும்.

என்.எச்.எல்.லில் ஓர் அணி ஆட்டக்காரர்களுக்காக ஒரு பருவத்தில் செலவிடும் தொகைக்கு உச்சவரம்பு உண்டு. உரிமையாளர் எவ்வளவு பெரிய கோடீஸ்வரராக இருந்தாலும் அதைத் தாண்ட முடியாது. லீகின் வருமானம் உயர்ந்தால் வரம்பும் உயரும். கொரோனா வந்து வருமானம் படுத்ததால், 8.15 கோடி டாலரிலேயே மூன்று பருவங்கள் நின்றுவிட்டது. 2022-23க்கு உயர்ந்தது வெறும் 10 லட்சம் டாலர். ஐ.பி.எல். ஏலத்திலும் அணிகளுக்குப் பண வரம்பு உண்டுதான். ஆனால் அங்கே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பெரிய ஏலம் வந்து பெரும்பாலான கணக்குகளைப் புதிதாகத் தொடங்கி வைக்கிறது. இங்கே அப்போது ஒப்பந்தம் எட்டு ஆண்டு வரை நீளலாம். தவறாகப் போட்ட கையெழுத்து அத்தனை ஆண்டும் கூடவே வரும்.

அதிலிருந்து தப்ப ஒரு வழி, பை-அவுட். 26 வயது நிறைந்த ஆட்டக்காரர் என்றால், மீதிச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கைக் கொடுத்து அவரை வெளியே அனுப்பலாம். மீதமிருக்கும் ஆண்டுகளைப் போல இரண்டு மடங்கு காலத்துக்கு அதைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். அவர் வேறு அணிக்கு ஆடுவார், பழைய அணியின் வரம்பிலிருந்து பணம் கழிந்துகொண்டே இருக்கும். ஹாக்கி வட்டாரத்தில் இதைச் செத்த பணம் என்பார்கள்.

பேந்தர்ஸ் கணக்கிலேயே அந்தச் செத்த பணம் இருந்தது. இரண்டு ஆண்டு ஒப்பந்தம் மீதமிருந்த தற்காப்பு ஆட்டக்காரர் கீத் யாண்டிலை 2021 கோடையில் பை-அவுட் செய்திருந்தார்கள். 2022-23ல் மட்டும் அதற்காக 50 லட்சம் டாலருக்கு மேல் வரம்பிலிருந்து போனது. அந்தப் பணத்துக்கு ஒருவரும் களத்தில் இறங்கப் போவதில்லை.

அந்த நிலையில்தான் கால்கரியிலிருந்து செய்தி வந்தது. கால்கரி ஃப்ளேம்ஸின் நட்சத்திரம் ஜானி காட்ரோ, ஜூலை 13 அன்று கொலம்பஸ் அணியில் சேர்ந்துவிட்டார். 24 வயது மேத்யூ கச்சக்கும் நீண்ட கால ஒப்பந்தம் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். கையில் இருக்கும்போதே அவரை மாற்றிக்கொண்டால் ஏதாவது தேறும். தாமதித்தால் அவரும் சும்மா போய்விடுவார். கால்கரிக்கு அவசரம்.

ஜூலை 22 அன்று பரிமாற்றம் நடந்தது. புளோரிடா கொடுத்தது: முந்தைய பருவத்தில் 115 புள்ளி (அடித்த கோலும் கோலுக்கு உதவியதும் சேர்த்து) எடுத்த ஜோனதன் ஹூபர்டோ, முன்னணித் தற்காப்பு ஆட்டக்காரர் மெக்கென்ஸி வீகர், இளம் ஆட்டக்காரர் கோல் ஷ்விண்ட், 2025ன் முதல் சுற்று டிராஃப்ட் உரிமை (புதிய இளம் ஆட்டக்காரர்களை முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும் உரிமை). புளோரிடா பெற்றது: கச்சக், அவரோடு ஒரு நான்காம் சுற்று உரிமை. எட்டு ஆண்டு ஒப்பந்தத்தைச் சொந்த அணி மட்டுமே தர முடியும் என்பது அப்போதைய விதி. அதனால் கால்கரியே கச்சக்கிடம் 7.6 கோடி டாலர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கி அனுப்பி வைத்தது.

ஊரே ஹூபர்டோவுக்காக வருந்தியது. 2011 டிராஃப்டில் மூன்றாவதாக எடுத்து வளர்த்த பையன் அல்லவா! ஆனால் கணக்கைப் பாருங்கள். ஹூபர்டோவின் சம்பளம் ஆண்டுக்கு 59 லட்சம், வீகருக்கு 32.5 லட்சம். சேர்த்தால் 91.5 லட்சம் டாலர். கச்சக்கின் ஆண்டுத் தொகை 95 லட்சம். அந்த ஆண்டின் வரம்பில் ஏறக்குறைய சரிக்குச் சரி.

வித்தியாசம் மறு ஆண்டில் இருந்தது. இருவரின் ஒப்பந்தமும் 2023ல் முடிகிறது. இருவரையும் வைத்துக்கொள்ள என்ன ஆகியிருக்கும் என்பதைக் கால்கரியே காட்டியது: ஹூபர்டோவுக்கு ஆண்டுக்கு 1.05 கோடி, வீகருக்கு 62.5 லட்சம், இருவருக்கும் எட்டெட்டு ஆண்டுகள். ஹூபர்டோவுக்கு அப்போதே 29 வயது. ஸீட்டோ அன்றைய சம்பளத்தோடு அவர்களுக்கு அடுத்து வரப்போகும் சம்பளத்தையும் எடைபோட்டிருந்தார்.

உடனே பலன் கிடைக்கவில்லை. 122 புள்ளி அணியின் பயிற்சியாளர் ஆண்ட்ரூ ப்ரூனெட்டுக்குப் பதிலாகப் பால் மோரிஸ் வந்தார். அணி 92 புள்ளிக்கு இறங்கி, கடைசி இடத்தைப் பிடித்து நாக்அவுட்டுக்குள் நுழைந்தது. உள்ளே போனபின் கதை மாறியது. 65 வெற்றிகளோடு சாதனை படைத்திருந்த பாஸ்டனை, 3-1 என்று பின்தங்கிய நிலையிலிருந்து வீழ்த்தி, இறுதித் தொடர் வரை போய் வேகாஸிடம் தோற்றது. அந்தப் பருவத்தில் கச்சக் எடுத்தது 109 புள்ளி. கால்கரியில் ஹூபர்டோ 55.

எல்லோரும் பேசுவது இந்தப் பரிமாற்றத்தைத்தான். கோப்பையை வாங்கித் தந்த வேலை அடுத்த கோடையில் சத்தமில்லாமல் நடந்தது என்பது என் கணிப்பு.

2023 கோடையில் முன்னணித் தற்காப்பு ஆட்டக்காரர்கள் ஆரோன் எக்பிளாட், பிராண்டன் மான்டூர் இருவருக்கும் அறுவை சிகிச்சை. நவம்பர் வரை ஆட முடியாது. ராட்கோ குடாஸை ஆண்டுக்கு 40 லட்சம் கொடுத்து அனஹைம் கூட்டிப்போனது. தற்காப்பு வரிசையில் பாதி காலி, பணமும் குறைவு.

அதே ஜூனில் வான்கூவர் அணி, தற்காப்பு ஆட்டக்காரர் ஆலிவர் எக்மன்-லார்சனைப் பை-அவுட் செய்தது. ஆண்டுக்கு 82.5 லட்சம் மதிப்புள்ள ஒப்பந்தத்தில் நான்கு ஆண்டு பாக்கி. அதன் சுமை 2030-31 வரை வான்கூவரின் கணக்கில் தொடரும். ஸீட்டோ அவரை 22.5 லட்சத்துக்கு ஓராண்டு ஒப்பந்தத்தில் எடுத்தார். பெரிய சம்பளத்தைப் பழைய அணி கொடுத்துவிட்டதால் ஆட்டக்காரருக்குப் பண நெருக்கடி இல்லை. அவருக்கு வேண்டியது நல்ல அணியில் ஓர் இடம், மறுபடி தன்னைக் காட்ட ஒரு வாய்ப்பு. டிமிட்ரி குலிகோவ் 10 லட்சத்துக்கு வந்தார், நிகோ மிக்கோலா 25 லட்சத்துக்கு. மூன்று பேருக்கும் சேர்த்து 57.5 லட்சம்.

யாண்டிலின் செத்த பணத்தைச் சுமந்த மனிதர், இன்னொருவரின் செத்த பணத்தில் தன் அணியைக் கட்டினார். எக்மன்-லார்சன் 80 ஆட்டம் ஆடினார். 2024 ஜூன் 24 அன்று எட்மண்டன் ஆயிலர்ஸை ஏழாவது ஆட்டத்தில் வென்று, 1993ல் பிறந்த பேந்தர்ஸ் தன் முதல் கோப்பையை எடுத்தது.

வென்றவுடன் ஆட்டக்காரர்களின் விலை ஏறியது. மான்டூரைச் சியாட்டல் அள்ளிக்கொண்டது. எக்மன்-லார்சனுக்கு டொராண்டோ நான்கு ஆண்டு தந்தது. ஸீட்டோ யாரையும் துரத்தவில்லை. 57 கோல் அடித்த சாம் ரைன்ஹார்ட்டை எட்டு ஆண்டுக்குக் கட்டிப்போட்டுவிட்டு, மறுபடியும் பை-அவுட் பட்டியலைப் புரட்டினார். வின்னிபெக் விட்ட நேட் ஷ்மிட் 8 லட்சத்துக்கும், கொலம்பஸ் விட்ட ஆடம் போக்விஸ்ட் 7.75 லட்சத்துக்கும் ஓராண்டுக்கு வந்தார்கள். போக்விஸ்ட் சரிப்படவில்லை, பருவத்தின் நடுவிலேயே போய்விட்டார். நஷ்டம் பெரிதில்லை. ஷ்மிட் நிலைத்து ஆடி, 2025ல் இரண்டாவது கோப்பையில் பங்கெடுத்து, பிறகு மூன்று ஆண்டு ஒப்பந்தத்தோடு யூட்டாவுக்குப் போனார்.

இந்த வழிக்கும் விலை உண்டு. ரைன்ஹார்ட், பென் செராட், கிளாட் ஜிரூ, கச்சக் நால்வரையும் வாங்க, ஆளுக்கொரு முதல் சுற்று டிராஃப்ட் உரிமை போனது. அவர்களில் செராட்டும் ஜிரூவும் சில மாதங்கள் மட்டுமே ஆடிவிட்டு 2022 கோடையிலேயே கிளம்பிவிட்டார்கள். புளோரிடாவில் மாநில வருமான வரி இல்லை என்பதும், குறைந்த சம்பளத்துக்கு ஆட்டக்காரர்கள் சம்மதிக்க ஒரு காரணம். எல்லா ஊருக்கும் இது வாய்க்காது.

ஆனால் ஒரு பாடத்தை எந்த ஊரும் எடுத்துக்கொள்ளலாம். நீண்ட ஒப்பந்தங்களை நான்கைந்து பேருக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற இடங்களை ஆண்டுதோறும் மலிவாக நிரப்பினால், தவறு செய்தாலும் அது ஒரே ஆண்டில் தீர்ந்துவிடும். 2025 கோடையில் வரம்பு 9.55 கோடிக்கு உயர்ந்தபோது சாம் பென்னட், எக்பிளாட், 37 வயது பிராட் மார்ஷாண்ட் மூவரையும் ஸீட்டோவால் தக்கவைக்க முடிந்தது. ஷ்மிட் போன்றவர்களுக்கு அவர் நீண்ட ஒப்பந்தம் தராததும் அதற்கு ஒரு காரணம்.

அடுத்த வாரம்: 2024 இறுதித் தொடரில் தோற்ற எட்மண்டனிடம் இரண்டு இளைஞர்கள் இருந்தார்கள். ஆகஸ்டில் செயின்ட் லூயிஸ் ப்ளூஸ் ஒரே நேரத்தில் இருவருக்கும் ஒப்பந்தம் நீட்டியது. எட்மண்டனால் அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் போனது ஏன்?