டவர் இல்லாத வலையமைப்பில் வழி கண்டுபிடிப்பது யார்?

பெரும் புயலோ நிலநடுக்கமோ தாக்கினால் மொபைல் டவர்கள் சாய்ந்தோ மின்சாரம் இல்லாமலோ ஓய்ந்துவிடுகின்றன. தகவல் தொடர்பு மிகவும் தேவைப்படும் நேரம் அதுதான். மீட்புக் குழுவினரின் கைகளில் உள்ள கருவிகள், தம் செய்தியை அனுப்புவதோடு அடுத்தவர் செய்தியையும் வாங்கிக் கைமாற்றிக்கொடுத்தால் டவரே இல்லாமல் ஒரு வலையமைப்பு உருவாகிவிடும். இதை ‘மொபைல் அட்ஹாக் நெட்வொர்க்’, சுருக்கமாக ‘மேனட்’ என்கிறார்கள். அமெரிக்க ராணுவ ஆய்வு அமைப்பான டார்பா 1970-களில் நடத்திய பாக்கெட் ரேடியோ சோதனைகள் இதன் முன்னோடி.

சிக்கல் என்னவென்றால், இதில் எல்லோரும் நகர்ந்துகொண்டே இருக்கிறார்கள். இந்த நொடியில் இருக்கும் வழி அடுத்த நொடியில் அறுந்துபோகலாம். வழியைக் கண்டுபிடித்து, அறுந்தால் வேறு வழி தேடும் விதிகளின் தொகுப்புக்கு ‘ரூட்டிங் நெறிமுறை’ என்று பெயர்.

இதில் இரண்டு அணுகுமுறைகள் உண்டு. ஊரின் முழு வரைபடத்தையும் முன்கூட்டியே கையில் வைத்திருப்பது ஒன்று. கிளம்பும்போது வழி கேட்டுக்கொண்டு போவது மற்றொன்று. சார்லஸ் பெர்கின்ஸும் பிரவீன் பகவத்தும் 1994-ல் வெளியிட்ட டிஎஸ்டிவி முதல் வகை. கருவிகள் தங்கள் வழி அட்டவணையை இடைவிடாமல் பரிமாறிக்கொண்டே இருக்கும். டேவிட் ஜான்சன் வகுத்த டிஎஸ்ஆர் இரண்டாம் வகை. தேவை வந்தால் மட்டுமே வழி தேடும். கிடைத்த முழு வழியையும் ஒவ்வொரு பாக்கெட்டின் (செய்தித் துண்டின்) தலையிலும் எழுதி அனுப்பும். பெர்கின்ஸ் பின்னர் எலிசபெத் ராயருடன் சேர்ந்து வளர்த்த ஏஓடிவியும் தேவைக்கேற்பத் தேடுவதுதான். ஆனால் அதில் ஒவ்வொரு கருவியும் ‘அடுத்து யாரிடம் கொடுக்க வேண்டும்’ என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

எது சிறந்தது? திறந்தவெளியில் சோதிப்பது கடினம். ஐம்பது வண்டிகளை அதே பாதையில், அதே வேகத்தில், ஒவ்வொரு நெறிமுறைக்காகவும் திரும்பத் திரும்ப ஓட்ட முடியாது. கணினிக்குள் அது முடியும். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஜான்சன் குழு, என்எஸ்-2 என்ற சிமுலேட்டரில் கம்பியில்லாத் தொடர்பையும் நகர்வையும் சேர்த்து, 1998-ல் ஓர் ஒப்பீட்டை வெளியிட்டது. 1500 மீட்டர் நீளம், 300 மீட்டர் அகலம் கொண்ட களத்தில் 50 கருவிகள், 900 நொடிகள், நொடிக்கு 20 மீட்டர் வரை வேகம். டிஎஸ்டிவி, டிஎஸ்ஆர், ஏஓடிவி, டோரா என்ற நான்கு நெறிமுறைகளுக்கும் ஒரே நகர்வு, ஒரே சுமை.

கருவிகள் ஓய்வின்றி ஓடியபோது டிஎஸ்டிவி ஏறக்குறைய 70 சதவீத பாக்கெட்டுகளையே சேர்ப்பித்தது. அட்டவணை புதுப்பிக்கப்படும் முன்பே வழி பழசாகிவிட்டதுதான் காரணம். அனுப்புநர்கள் 30 ஆனதும் டோரா, வழிகளைப் பராமரிக்கத் தான் அனுப்பும் கட்டுப்பாட்டுச் செய்திகளின் நெரிசலிலேயே தடுமாறியது. டிஎஸ்ஆரும் ஏஓடிவியும் 95 சதவீதத்துக்கு மேல் சேர்ப்பித்தன. வேகம் கூடியபோது டிஎஸ்ஆருக்குக் குறைவான கட்டுப்பாட்டுப் பாக்கெட்டுகளே போதுமாக இருந்தன. ஆனால் அது பாக்கெட்டின் தலையில் சுமக்கும் வழியையும் சேர்த்து பைட் கணக்கில் பார்த்தால், நகர்வு மிக அதிகமாக இருந்த நிலை தவிர மற்றவற்றில் அந்த அனுகூலம் கரைந்துவிடும். எதை அளக்கிறோம் என்பதைப் பொறுத்தே வெற்றியாளர் மாறுகிறார்.

களம் மாறினாலும் அப்படித்தான். பெர்கின்ஸ், ராயர், சமீர் தாஸ் ஆகியோர் அடுத்து செய்த ஒப்பீட்டில், கருவிகளும் சுமையும் நகர்வும் குறைவாக இருந்தபோது டிஎஸ்ஆர் முந்தியது. அவை கூடியபோது ஏஓடிவி முந்தியது. டிஎஸ்ஆர் சேமித்துவைத்த பழைய வழிகள் நெருக்கடி நேரத்தில் அதற்கே பாரமாயின.

இதைவிட ஆழமான கேள்வியை 2003-ல் யூன், லியூ, நோபிள் என்ற மூவர் எழுப்பினார்கள். சிமுலேஷன்களில் மிகுதியாகப் பயன்பட்ட நகர்வு மாதிரியில், ஒவ்வொரு கருவியும் ஓர் இடத்தையும், பூஜ்ஜியத்துக்கும் உச்சத்துக்கும் இடையே ஒரு வேகத்தையும் குருட்டாம்போக்கில் தேர்ந்தெடுத்துப் போகும். மிகக் குறைந்த வேகம் வாய்த்த கருவி அந்தப் பயணத்தை முடிக்கவே நெடுநேரம் ஆகும். நேரம் போகப் போக இப்படி ஊர்ந்துகொண்டிருக்கும் கருவிகள் பெருகும்; சராசரி வேகம் விழுந்துகொண்டே போகும். ஆக, சிமுலேஷனை அதிக நேரம் ஓடவிட்டாலே நெறிமுறை நன்றாக வேலை செய்வதுபோலத் தோன்றும். குறைந்தபட்ச வேகத்தைப் பூஜ்ஜியத்துக்கு மேல் வைப்பதும், தொடக்கக் கட்டத்து அளவீடுகளை ஒதுக்குவதும் அவர்கள் சொன்ன தீர்வு.

ரேடியோ அலைகளைப் பற்றிய அனுமானங்களும் அப்படியே. பல சிமுலேஷன்களில் நிலம் தட்டையானது, அலை வட்டமாகப் பரவுகிறது, நீ சொல்வது எனக்குக் கேட்டால் நான் சொல்வதும் உனக்குக் கேட்கும். டார்ட்மத் கல்லூரியின் டேவிட் கோட்ஸ் குழு, உண்மையான அளவீடுகளை வைத்து இவை பொய் என்று காட்டியது. ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தினர் ஏஓடிவியை நிஜக் கருவிகளில் ஓட்டியபோது அது எதிர்பாராத விதத்தில் சொதப்பியது. ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று கருவிகள் அனுப்பும் சிறு செய்திகள் குறைந்த தரவு வேகத்தில் அனுப்பப்படுவதால் தொலைவுவரை எட்டின. அதே தொலைவுக்குத் தரவு எட்டவில்லை. பக்கத்தில் ஆள் இருப்பதாக நம்பி அனுப்பிய பாக்கெட்டுகள் தொலைந்தன. அந்நாளைய சிமுலேஷன்களில் இந்தக் கோளாறு தென்படவே இல்லை.

ஆய்வு நேர்மை பற்றிய கேள்வியும் இதில் இருக்கிறது. 2000 முதல் 2005 வரை மோபிஹாக் மாநாட்டில் வந்த 151 கட்டுரைகளை ஆராய்ந்தபோது, 114 சிமுலேஷனை நம்பியிருந்தன. அவற்றில் இன்னொருவர் அப்படியே திரும்பச் செய்து பார்க்கக் கூடியவை 15 சதவீதத்துக்கும் குறைவு.

அதனால் சிமுலேஷன் வீண் என்று ஆகிவிடாது. டிஎஸ்டிவி எங்கே தடுமாறும், டிஎஸ்ஆர் ஏன் பழைய வழியில் சிக்கும் என்பதையெல்லாம் நமக்குக் காட்டியது அதுதான். ஏஓடிவியின் கருத்து 802.11எஸ் என்ற வைஃபை வலைப்பின்னல் தரத்துக்குள் போய்ச் சேர்ந்திருக்கிறது.

நம் பொறியியல் கல்லூரிகளில் என்எஸ்-2, என்எஸ்-3 கொண்டு இரண்டு நெறிமுறைகளை ஒப்பிடுவது பழக்கமான இறுதியாண்டு புராஜெக்ட். அதைச் செய்யும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரே ஒருமுறை ஓட்டிவிட்டு வரைபடம் போடாதீர்கள். வெவ்வேறு தொடக்க எண்களுடன் பலமுறை ஓட்டி, முடிவுகள் எவ்வளவு சிதறுகின்றன என்பதையும் காட்டுங்கள். குறைந்தபட்ச வேகம், அலைப்பரவல் மாதிரி, மென்பொருள் பதிப்பு ஆகியவற்றை மறக்காமல் குறிப்பிடுங்கள். ‘ஏஓடிவி சிறந்தது’ என்று முடிக்காதீர்கள். எந்த நிலையில், எந்த அளவுகோலில் சிறந்தது என்று எழுதுங்கள். அப்போதுதான் அடுத்தவர் உங்கள் முடிவைச் சோதித்துப் பார்த்து, அதன் மேல் கட்டியெழுப்ப முடியும்.