சரித்திரச் சின்னங்களும் அரசாங்கப் பதிவும்

பழமையான இடங்கள் எந்நாட்டிலும் உண்டு. அவற்றுள் எவை மக்களின் நினைவிற்கு உரியன என்று அரசாங்கம் எம்முறையால் துணிகின்றது என்பது ஆராயத்தக்கது. அமெரிக்க ஐக்கிய நாட்டின் மேற்கரையிலுள்ள கலிபோர்னியா மாகாணத்தின் முறையை ஈண்டுச் சுருக்கமாகக் கூறுவோம்.

அம்மாகாணத்தில் 1931-ம் ஆண்டில் இதற்கெனச் சட்டம் இயற்றப்பெற்றது. மறு ஆண்டு ஜூன் மாதத்தில் 20 ஸ்தலங்கள் எண்ணிட்டுப் பதிவு செய்யப்பட்டன. முதலெண் பெற்றது மான்டெரே துறைமுகத்துச் சுங்கச்சாவடி. 1846-ம் ஆண்டில் அமெரிக்கக் கொடி ஏற்றப்பெற்ற இடம் அதுவே. தொடக்கத்தில் போதிய சான்றின்றிச் செவிவழிச் செய்தி கொண்டே சில இடங்கள் சேர்க்கப்பட்டன. அக்குறை நீங்குமாறு 1948-ல் கவர்னர் ஏர்ல் வாரன் ஆலோசனைச் சபையொன்றை அமைத்தார்.

இக்காலத்து விதிகளின்படி எவரும் விண்ணப்பம் செய்யலாம். அவ்விடம் தன் வகையில் மாகாணத்திலோ அதன் பெரும்பகுதியொன்றிலோ முதலாவதாகவோ, இறுதியாகவோ, ஒரே ஒன்றாகவோ, தலைசிறந்ததாகவோ இருத்தல் வேண்டும். அன்றேல், மாகாணத்தின் சரித்திரத்தை ஆழ்ந்து பாதித்த ஒருவரோடேனும் ஒரு கூட்டத்தாரோடேனும் தொடர்புடையதாதல் வேண்டும். அன்றேல், ஒரு காலத்தின் அல்லது கட்டட மரபின் சிறந்த உதாரணமாக விளங்குதல் வேண்டும். உடையவரின் சம்மதமும் இன்றியமையாதது. மாகாணச் சரித்திர ஆணைக்குழு சான்றுகளைப் பொதுக்கூட்டத்தில் ஆராய்ந்து பரிந்துரைக்க, பூங்காத் துறையின் தலைவர் அதனை ஏற்றுப் பதிவு செய்கின்றார். பின்னர் அவ்விடத்தில் பட்டயம் நாட்டப்படும்.

பெருமை தரும் இடங்களே இப்பதிவிற்கு உரியன என்று எண்ணற்க. 1942-ல் ஜப்பானோடு போர் நிகழ்ந்தகாலை, ஜப்பானிய மரபினர் 1,10,000 பேருக்கு மேற்பட்டோர் விசாரணையின்றி முள்வேலி முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவருட் பெரும்பாலோர் பிறப்பால் அமெரிக்கக் குடிகளே. மேற்கூறிய வாரனும், அந்நாளில் மாகாணத்து அட்டர்னி ஜெனரலாயிருந்து, அவர்களை அகற்றுமாறு வற்புறுத்தியவரே. பின்னாளில் தம் சுயசரிதையில் அதற்கு வருந்தினார்.

அம்முகாம்கள் பத்தனுள் முதலாவதான மன்சனார், 1972-ல் 850-ம் எண்ணுடைய சின்னமாயிற்று. ஆயினும் பட்டயத்தின் வாசகம் பற்றிப் பெரும் பூசல் விளைந்தது. ‘சிறைமுகாம்’ என்றும் ‘இனவெறி’ என்றும் பொருள்படும் சொற்களை அதிகாரிகள் விரும்பிலர். அடைபட்டுத் துன்புற்றோரும் அவர்தம் மக்களும் விடாது வாதாடினர். 1973-ம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் நாட்டப்பெற்ற பட்டயத்தில் அவ்விரு சொற்களும் இடம்பெற்றன. 1988-ல் ஐக்கிய நாட்டு அரசாங்கம் அவ்வநீதிக்கு மன்னிப்புக் கோரியது. 1992-ல் மன்சனார் தேசிய சரித்திர ஸ்தலமும் ஆயிற்று.

விதிகள் சான்றைக் கேட்கும். சபைகள் அதனை எடைபோடும். ஆயின் சான்றைத் தேடிக் கொணர்வதும், உள்ளதை உள்ளவாறே பொறிக்கச் செய்வதும் மக்களின் கடனாம். தன் புகழைப் பட்டயத்திற் பொறிப்பது எந்நாட்டிற்கும் எளிது. தன் பிழையைப் பொறித்தற்கே நெஞ்சுரம் வேண்டும். சரித்திரம் பயிலும் மாணவர் சிந்திக்கத்தக்கது இதுவே.