கருவி மாற்றமும் பராமரிப்பு உழைப்பும்: லினக்ஸ் கேர்னலில் றஸ்ற் மொழியின் நுழைவு பற்றிய ஒரு நோக்கு

1811இல் நொற்றிங்ஹாம் பகுதியிற் காலுறை பின்னும் பொறிகளை உடைக்கத் தொடங்கிய லுடைற்றுகள் முன்னேற்றத்தின் விரோதிகளென்றே நெடுங்காலம் வர்ணிக்கப்பட்டனர். அவர்கள் உடைத்த பொறிகளோ புதியனவல்ல. இரு நூற்றாண்டுகளாகப் புழக்கத்தில் இருந்தவை. கூலிக் குறைப்புக்கும் தரங்குறைந்த உற்பத்திக்கும் அவை பயன்படுத்தப்பட்டமையே பிணக்கின் காரணமாகும். பொறியையும் மூலதனம் அதனைக் கையாளும் முறையையும் வேறுபடுத்தி உணர்வதற்குத் தொழிலாளருக்குக் காலமும் அனுபவமும் தேவைப்பட்டன என மார்க்ஸ் ‘மூலதனம்’ முதலாம் பாகத்தில் விளக்குவார். இவ்வேறுபாட்டை மனங்கொண்டு, அண்மையில் மென்பொருள் உற்பத்தித் துறையில் எழுந்த பிணக்கொன்றினை ஆராய்தல் பயனுடைத்து. லினக்ஸ் பணிசெயல் முறைமையின் மையமான கேர்னலில் றஸ்ற் என்னும் செய்நிரல் மொழியை அனுமதிப்பது பற்றியது அது.

லினஸ் ரோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய இக்கேர்னல், 1970களின் முற்பகுதியில் பெல் ஆய்வுகூடத்தில் டெனிஸ் றிச்சி உருவாக்கிய சி மொழியில் எழுதப்பட்டது. சி மொழியில் நினைவகத்தை ஒதுக்குதலும் விடுவித்தலும் செய்நிரலாளரின் கவனத்துக்கே விடப்பட்டுள்ளன. விடுவித்துவிட்ட நினைவகப் பகுதியை மறதியால் மீண்டும் தொடும் ஒரு வரி, அந்நியர் உட்புகும் வாயிலாகிவிடலாம். தான் ஆண்டுதோறும் திருத்தும் பாதுகாப்புக் குறைகளில் ஏறத்தாழ 70 வீதமானவை நினைவகப் பிழைகளால் எழுவன என மைக்ரோசொவ்ற் நிறுவனம் 2019இல் அறிவித்தது. 2015இல் முதற் பதிப்புப் பெற்ற றஸ்ற் மொழியிலோ, நினைவகப் பகுதி ஒவ்வொன்றும் யாருடைய பொறுப்பிலுள்ளது என்பதைத் தொகுப்பானே பரிசோதித்து, விதிமீறும் செய்நிரலை நிராகரித்துவிடும். பாதுகாப்பற்றதெனச் செய்நிரலாளரே குறித்துவைக்கும் பகுதிகள் மாத்திரம் இதற்கு விலக்கு. ஆகவே மொழியின் தொழினுட்ப மேன்மை பற்றிய வாதம் பெருமளவு முடிந்துபோன வாதமென்றே கருதுகிறோம். எதிர்ப்பின் வேர் வேறிடத்தில் உள்ளது.

2022 டிசெம்பரில் வெளிவந்த 6.1ஆம் பதிப்பில் றஸ்ற் ஒரு பரிசோதனையாக இடம்பெற்றது. கேர்னலின் உள்ளக இடைமுகங்கள் நிலையானவையல்ல. எவரும் தக்க காரணத்துடன் அவற்றை மாற்றலாம். ஆனால் மாற்றுபவர், அவ்விடைமுகத்தைப் பயன்படுத்தும் இடங்கள் அனைத்தையும் தாமே திருத்தவேண்டும் என்பது நெடுநாள் மரபு. ஐம்பதுக்கு மேற்பட்ட கோப்பு முறைமைகள் உள்ள இடத்தில் ஒரு சிறு மாற்றத்தின் சுமை எத்தகையது என்பதை ஊகித்துக்கொள்ளலாம். அவற்றிற் சில றஸ்ற் மொழியில் அமைந்துவிட்டால், சி மொழியை மட்டும் கற்றுத் தேர்ந்த பராமரிப்பாளர் செய்யக்கூடியது என்ன? புதுமொழியைக் கற்கவேண்டும், அல்லது பிறர் வந்து திருத்தும்வரை காத்திருக்கவேண்டும். எழுதுபவர் ஒருமுறை எழுதிவிட்டு விலகலாம். பராமரிப்பவருக்கு அந்த வசதி இல்லை.

2025இன் தொடக்கத்தில், நேரடி நினைவக அணுகலுக்கான பகுதியைப் பராமரித்துவந்த கிறிஸ்தோப் ஹெல்விக், தமது இடைமுகத்தைப் பயன்படுத்தும் றஸ்ற் செய்நிரலை எதிர்த்தார். அச்செய்நிரல் வேறு கோப்புறையில் இருக்கும், அதனைத் தாமே பராமரிப்போம் என றஸ்ற் அணியினர் கூறியும் அவர் இணங்கவில்லை; இருமொழிச் செய்நிரற்றொகுதியே பராமரிப்பைச் சிதைக்கும் என்றார். இங்கு ஒரு கோட்டினை வரைதல் அவசியம். தன்மீது ஏற்றப்படும் வேலையை மறுப்பது உழைப்பவரின் நியாயமான உரிமை. தன் பகுதிக்கு வெளியே பிறர் தம் உழைப்பாற் செய்வதைத் தடுப்பது காவற்பொறுப்பை உடைமையாக மாற்றுவதாகும். ஹெல்விக்கின் முதலாவது கவலை மெய்யானது. அதிலிருந்து அவர் வந்தடைந்த முடிபு ஏற்கத்தக்கதன்று.

இக்கவலையின் பொருளாதார அடித்தளம் கவனத்துக்குரியது. கேர்னலுக்குப் பங்களிப்போரிற் பெரும்பாலானோர் கம்பனிகளின் சம்பளத்தில் உள்ளவர்கள். தம் சாதனங்கள் இயங்குவதற்கு வேண்டிய புதிய செய்நிரலுக்கு அக்கம்பனிகள் தாராளமாகச் செலவிடும். பிறர் எழுதியவற்றை வாசித்துச் சரிபார்க்கும் பொது உழைப்புக்கு அத்தகைய தாராளம் இல்லை. லினக்ஸுக்கு வெளியே, சம்பளமின்றி ஏறத்தாழத் தனியொருவராற் பேணப்பட்ட எக்ஸ்-இசட் என்னும் சுருக்கமென்பொருளின் கதை இதைவிடக் கடுமையானது. களைத்திருந்த பராமரிப்பாளருக்கு உதவுவதாக வந்து ஈராண்டுக்கு மேலாக நம்பிக்கை பெற்ற ஒருவர், அதனுள் இரகசிய வாயிலொன்றை அமைத்திருந்தமை 2024 மார்ச்சில் அம்பலமாயிற்று.

2025 பெப்ரவரியில் ரோர்வால்ட்ஸ் அளித்த தீர்ப்பு உழைப்புப் பிரிவினை பற்றியதே. றஸ்ற் வேண்டாதவர் அதனைத் தொடவேண்டியதில்லை, ஆனால் தம் இடைமுகத்தைப் பிறர் பயன்படுத்துவதைத் தடுக்கவும் முடியாது என்பது அதன் சாரம். இதனால், சி மொழிப் பக்கத்து மாற்றங்களுக்கு ஈடுகொடுக்கும் பணி, எண்ணிக்கையிற் சிறிய றஸ்ற் அணியினர் மீதே விழுகின்றது. அவ்வணியின் முதன்மையாளர் ஒருவர் தொழினுட்பத்துக்குப் புறம்பான பூசல்களைக் காரணங்காட்டி 2024 ஓகஸ்ற்றிலேயே விலகியிருந்தார். 2025 டிசெம்பரில் ரோக்கியோவில் கூடிய பராமரிப்பாளர் மாநாடு றஸ்ற் இனிப் பரிசோதனையன்று எனத் தீர்மானித்தது. இடைமுகமொன்று மாறும் நாளில் இரு மொழிகளையும் அறிந்தோர் போதியளவில் இருப்பரா என்பதோ, கம்பனிகள் எவ்வுழைப்புக்குச் சம்பளம் வழங்க முன்வருகின்றன என்பதிலேயே தங்கியுள்ளது.