எதிர்க்கட்சியின் ஜனநாயகம்: பெரம்பலூர் அனுப்பிய பிரதிநிதி

1957இல் சுதந்திரம் பெற்ற கானா, ஏழே ஆண்டுகளில் ஒரு கட்சிக்கு மட்டுமே இடமுள்ள தேசமாக மாறி, தான்சானியாவும் 1965இல் அவ்வழியே சென்று, எதிர்க்கட்சி என்பதே தேச ஒற்றுமைக்குப் பகை என்ற எண்ணம் ஆப்பிரிக்காவில் வேரூன்றி வந்த அதே காலத்தில், அன்று திருச்சி ஜில்லாவைச் சேர்ந்திருந்த பெரம்பலூர்த் தொகுதி, 1962 பொதுத்தேர்தலில், தி.மு.க.வின் இரா. செழியனை மக்களவைக்கு அனுப்பியது.

அப்பொழுது அக்கட்சிக்கு அச்சபையில் இருந்தவர்கள் ஏழே பேர். அதன் கொள்கையோ தனித் திராவிட நாடு. பிரிவினை கோருவோர் தேர்தலில் நிற்கவியலாதபடி 1963இல் அரசியல் சட்டத்தின் பதினாறாவது திருத்தம் நிறைவேறிய காலை, கட்சி அக்கோரிக்கையைக் கைவிட்டது. அச்சமே அதற்குக் காரணம் என்பாருண்டு. ஆயினும் வாக்குப்பெட்டியை விட்டகலாது நின்ற அந்தத் தீர்மானமே 1967இன் வெற்றிக்கு வழிவகுத்தது என்பது என் துணிபு.

எதிர்க்கட்சியின் சித்தாந்தம் மேடைப் பேச்சில் மட்டும் வாழ்வதன்று. அரசு செலவிட்ட பணத்தைத் தணிக்கை அறிக்கையைக் கொண்டு ஆராய்ந்து, அதிகாரிகளை அழைத்து விளக்கம் கேட்கும் பொதுக்கணக்குக் குழுவின் தலைமையை, ஆளுங்கட்சியைச் சேராதவருக்கு அளிக்கும் மரபு 1967 முதல் நிலவுகிறது. 1971 முதல் 1973 வரை அப்பொறுப்பில் அமர்ந்தவர் செழியன். நெருக்கடி நிலையின் கொடுமைகளை விசாரித்த ஷா கமிஷனின் அறிக்கை கிடைத்தற்கரியதாகிவிட்ட பின்னர், தம்மிடமிருந்த பிரதியைக் கொண்டு 2010இல் அதனை நூலாக வெளிக்கொணர்ந்தவரும் அவரே. பதவியும் கட்சிக்கொடியும் இன்றி, எண்பத்தேழு வயதில் அவர் ஆற்றிய இத்தொண்டை நான் எல்லாவற்றினும் மேலாக மதிக்கிறேன்.

எதிரணியில் நின்று ஜனநாயகம் பேசுவோர், ஆட்சி கிட்டியபின் என்ன செய்கிறார்கள் என்பது மற்றொரு சோதனை. ஜாம்பியாவில் காவுண்டாவின் இருபத்தேழாண்டு ஆட்சியை 1991இல் தேர்தலால் வீழ்த்திய சிலுபா, 2001இல் தாமே மூன்றாம் தவணை நாடியபோது, அவரைத் தடுத்தவர்களுள் எதிர்க்கட்சியினரும் திருச்சபையினரும் மட்டுமன்றி, அவருடைய சொந்தக் கட்சியினரும் இருந்தனர்.

பெரம்பலூர், அரியலூர் வாசகர்களே, அடுத்த முறை வாக்குக் கேட்டு வருபவரிடம், அவர் எக்கட்சியினராயினும், சபையில் என்ன கேள்விகள் எழுப்பினீர், எக்குழுவில் பணியாற்றினீர், உம்முடைய கட்சியின் தவறு எதனை எதிர்த்தீர் என்று தயங்காது கேளுங்கள்.