துப்பாக்கிக் குழலும் பைப் ரெஞ்சும்

குடகு மாவட்டத்தில் ஆண்டுதோறும் செப்டம்பர் 3-ந் தேதி "கைல்போத்" என்னும் ஆயுத பூஜை நடக்கும். சரசுவதி பூஜைக்கு நாம் அரிவாளுக்கும் ஏர்க்கலப்பைக்கும் பொட்டு வைப்பதுபோல, அங்கே வீட்டுத் துப்பாக்கிக்குச் சந்தனம் இட்டுப் பூ வைத்து வணங்குவார்கள். பூஜை முடிந்ததும் உயரத்தில் கட்டிய தேங்காயைக் குறி பார்த்துச் சுடும் போட்டி. ஆண் பிள்ளை பிறந்தால் ஒரு வேட்டு, சாவு விழுந்தால் இரண்டு வேட்டு என்று துப்பாக்கியோடு பிறந்து துப்பாக்கியோடு முடிகிற மண் அது.

பூஜைக்குப் பத்து நாள் இருக்கும்போது, மடிகேரிக்கு அப்பால் ஒரு காப்பித் தோட்டத்தில் ரைட்டராக இருக்கும் நம் சேலத்து நண்பர் ஒருவர் பெங்களூர் வந்து சேர்ந்தார். கூடவே தோட்டத்து முதலாளி. முதலாளியின் மருமகன், அதாவது அக்காள் மகன். உரிய தாள்களோடு, கித்தான் உறைக்குள் ஒரு துப்பாக்கி. மூவர் முகத்திலும் ஈயாடவில்லை.

"பாயைப் பார்க்கப் போகிறோம், நீங்களும் வாருங்கள்" என்றார் நண்பர்.

பாய் லைசென்சு பெற்ற துப்பாக்கி மெக்கானிக். வடாற்காட்டுக்காரர். தகப்பனாரும் இதே தொழில். உறையைப் பிரித்துத் துப்பாக்கியை வெளிச்சத்தில் ஒரு முறை திருப்பினார். குழலின் அடிப்பாகத்தில் நாய் கடித்தது போல் வரிசையாகப் பல் தடம்.

"பைப் ரெஞ்சா?" என்று கேட்டார். மருமகன் தலையைக் குனிந்து கொண்டார்.

நடந்தது இதுதான். தாத்தா காலத்து ரைபிள். பால் மௌசர் என்ற ஜெர்மானியர் 1898-ல் அமைத்த முறையில் செய்தது. 7 மில்லி மீட்டர் தோட்டா போடுவது. ஆங்கிலேயர் .275 என்பார்கள். ஜிம் கார்பெட் சம்பாவத் புலியைச் சுட்டதற்காக 1907-ல் பரிசாகப் பெற்ற ரைபிளும் இதே இனம்தான். (நம் பெங்களூர் வேட்டைக்காரர் கென்னத் ஆண்டர்சன் கையில் இருந்தது வேறு, .405 வின்செஸ்டர்.) 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் அந்த ரைபிளுக்கு வேட்டை வேலை இல்லை. குடகு மழையின் ஈரத்தில் குழலுக்குள் துரு ஏறிவிட்டது. அமெரிக்காவில் சில ஆண்டுகள் இருந்து திரும்பிய மருமகன், "குழலைக் கழற்றிச் சுத்தம் செய்து தருகிறேன் மாமா" என்று இறங்கினார்.

அமெரிக்காவில் இது அதிசயமல்ல. அந்த நாட்டின் மத்தியச் சட்டம், ஒருவர் தம் சொந்த ரைபிளுக்கு வீட்டிலேயே வேறு குழல் மாட்டிக்கொள்வதைத் தடுப்பதில்லை. குழல் 16 அங்குலத்துக்குக் குறைந்தால்தான் 1934-ம் ஆண்டுச் சட்டம் குறுக்கே வரும். கார் நிறுத்தும் கொட்டகையில் ஞாயிற்றுக்கிழமை வேலையாக இதைச் செய்கிறவர்கள் அங்கே நிறையப் பேர். மருமகனும் நண்பர்கள் வீட்டில் பார்த்திருக்கிறார். வித்தையைக் கண்ணால் கொண்டு வந்தவர் கருவியை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டார்!

மரையின் பிடி

ரைபிளின் குழல், தோட்டா நுழையும் உடற்பகுதிக்குள் மரை போட்டுத் திருகப்பட்டிருக்கிறது. தண்ணீர்க் குழாய் சாக்கெட்டில் திருகியிருப்பது போலத்தான். இந்த ஒற்றுமைதான் பலருடைய கையில் பைப் ரெஞ்சைக் கொடுத்துவிடுகிறது.

தண்ணீர்க் குழாயில் நூல் சுற்றி மெழுகு வைத்தால் ஒழுக்கு நின்றுவிடும். இங்கே அப்படியல்ல. .308 என்னும் ரைபிள் தோட்டா வெடிக்கும்போது உள்ளே எழும் அழுத்தத்துக்கு அமெரிக்கத் தர நிர்ணயம் வைத்திருக்கும் எல்லை, சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. காரின் டயரில் நாம் அடிக்கும் காற்று சுமார் 30 பவுண்டு. இரண்டாயிரம் டயர்களின் அழுத்தம், சுடுகிறவரின் கன்னத்துக்கு நாலு விரற்கடை தூரத்தில்! ஆகவே தொழிற்சாலையில் குழலை மிக இறுக்கமாகவே முடுக்குவார்கள். அதன்மேல் அறுபது எழுபது வருஷத்துத் துருவும் காய்ந்த எண்ணெயும் சேர்ந்தால், கையால் அசையாது.

அசையாததை அசைக்க மருமகன் என்ன செய்தார்? உடற்பகுதியைச் சாக்கு சுற்றி பெஞ்சு வைஸில் கடிக்க விட்டார். குழலில் பைப் ரெஞ்சைப் போட்டார். ரெஞ்சின் கைப்பிடியில் நாலடித் தண்ணீர்க் குழாயைச் செருகி, தோட்டத்து ஆள் ஒருவரையும் சேர்த்துக்கொண்டு இழுத்தார். "கிறீச்" என்று ஒரு சத்தம். குழல் கொஞ்சம் திரும்பியது, ரெஞ்சும் வழுக்கியது. பயந்துபோய், திரும்பிய அளவு இவ்வளவுதான் என்று கண்மதிப்பில் பழையபடி முடுக்கி வைத்துவிட்டார். முன்கூட்டிக் குழலுக்கும் உடலுக்கும் குறுக்கே ஒரு கோடுகூடக் கீறி வைக்கவில்லை.

பாயின் கருவிகள்

பாய் கோபிக்கவில்லை. பீரோவின் அடித்தட்டிலிருந்து இரண்டு சாமான்களை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

ஒன்று, குழலைப் பிடிப்பது. வைரம் பாய்ந்த இரண்டு மரக் கட்டைகள். நடுவில் குழலின் பருமனுக்கு ஏற்ப அரைவட்டமாகக் குடைந்திருக்கிறது. அவற்றைக் கனத்த இரும்புச் சட்டத்துக்குள் வைத்து, நாலு போல்ட்டால் முடுக்கி, சட்டத்தையே பெஞ்சோடு பிணைத்துவிடுவார். கட்டைக்கும் குழலுக்கும் நடுவே வழுக்காமலிருக்க ரோசின் தூள் தூவுவார். வயலின்காரர்கள் வில்லுக்குத் தேய்க்கிறார்களே, அதே ரோசின்தான். பைப் ரெஞ்சு மூன்று நாலு பல்லால் கடிக்கிறது. இந்தக் கட்டை குழலின் சுற்றளவு முழுவதையும் அணைத்துப் பிடிக்கிறது. தடம் விழாது.

இன்னொன்று, உடற்பகுதியைத் திருப்பும் ரெஞ்சு. மௌசரின் உடல் கீழே தட்டை, மேலே வளைவு. ரெஞ்சின் கீழ்த்தாடை தட்டையாகவும் மேல்தாடை வளைவாகவும் கடைந்திருக்கிறது. இடையில் செப்புத் தகடு. குழல் திருகியிருக்கும் முன்வளையத்தைச் சுற்றியே இதைப் பூட்ட வேண்டும். காரணம், உடலின் நடுப்பகுதி தோட்டா போக வரத் திறந்து கிடக்கும் இடம். அங்கே பலம் கிடையாது. சிலர் பின்பக்கத் திறப்பில் இரும்புக் கம்பியைக் கொடுத்துத் திருகுவார்கள். குழல் கழலுமோ கழலாதோ, உடல் முறுக்கிக்கொள்ளும். அப்புறம் போல்ட் நேராக ஓடாது.

துரு இளக்கும் எண்ணெயை மரை ஓரத்தில் விட்டு இரண்டு நாள் ஊற வைப்பது முதல் வேலை. பிறகு கட்டையில் பூட்டி, ரெஞ்சின் கைப்பிடியில் சுத்தியலால் ஒரே தட்டு. மெள்ள மெள்ள இழுப்பதைவிட, திடீரென்று கொடுக்கும் அடிக்குத்தான் மரை இளகும் என்றார் பாய். எல்லாவற்றுக்கும் முன்பாகத் தோட்டா உள்ளே இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டுப் போல்ட்டை உருவி அப்பால் வைத்துவிட வேண்டும். அவர் மூன்று முறை பார்க்கிறாராம். வாப்பா பழக்கிய பழக்கம்.

"சுத்தம் பண்ணுறதுக்குக் குழலையே கழற்ற வேணாமே, தம்பி. இதுல போல்ட்டை உருவினா பின்னாலிருந்து நேரா பிரஷ் போகுமே" என்று அவர் சொன்னபோதுதான் மருமகனின் முகம் இன்னும் வாடியது. குழலின் உட்கோடுகள் தேய்ந்துபோனால், குழல் உப்பினால் அல்லது வளைந்தால் கழற்ற வேண்டும். வெறும் துருவுக்கு வேண்டியதில்லை.

சரியான கருவி இருந்தும் தடுமாற வைக்கும் ரைபிள்கள் உண்டு. முதல் உலகப் போரில் அமெரிக்கப் படைக்காக பென்சில்வேனியாவின் எடிஸ்டோன் ஆலையில் செய்த 1917 மாடல் ரைபிளுக்கு அந்த விஷயத்தில் பெயர் கெட்டுப் போயிருக்கிறது. அங்கே குழல்களை அளவுக்கு மீறி முடுக்கிவிட்டார்கள். பின்னாளில் கழற்றியபோது உடலின் முன்வளையத்திலேயே விரிசல் விட்ட சம்பவங்கள் பல. விவரம் தெரிந்த மெக்கானிக்குகள் அந்த ரைபிளை ரெஞ்சால் தொடுவதற்கு முன், கடைசல் இயந்திரத்தில் பூட்டி, உடலை ஒட்டிக் குழலில் ஒரு வாய்க்கால் வெட்டிவிடுவார்கள். இறுக்கம் விட்டுவிடும். குழல் போகும், உடல் தப்பும்.

மூன்று நிமிட தூரம்

பாய் துப்பாக்கியின் முன்வளையத்தில் மண்ணெண்ணெய் தடவிச் சிறிது நேரம் விட்டார். துணியால் நன்றாகத் துடைத்துவிட்டுச் சுண்ணாம்புக் கட்டித் தூளைப் பூசினார். விரிசல் இருந்தால் அதற்குள் புகுந்த எண்ணெய் கசிந்து வெள்ளையில் கோடாகத் தெரியும். கோடு தெரியவில்லை. முதலாளி மூச்சு விட்டார்.

அது அரை மூச்சாகவே போயிற்று. அடுத்து பாய் எடுத்தது தோட்டா வடிவத்தில் கடைந்த இரண்டு எஃகுத் துண்டுகள். கேஜ் என்பார்கள். சற்றே குட்டையானதை உள்ளே வைத்தால் போல்ட் மூட வேண்டும். நெட்டையானதை வைத்தால் மூடக் கூடாது. தோட்டாவின் பின்பக்கம் போல்ட்டில் எவ்வளவு நெருக்கமாக உட்காருகிறது என்பதற்கு இதுதான் பரீட்சை. .308 தோட்டாவுக்கு இந்த இரண்டு கேஜுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் நாலு பங்கு. நாம் எழுதும் வெள்ளைத் தாள் ஒன்றின் கனம்.

மௌசர் குழலின் மரை அங்குலத்துக்கு 12 சுற்று. கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தத் தாளின் கனத்துக்குக் குழல் சுமார் 17 டிகிரி திரும்பினால் போதும். கடிகாரத்தில் பெரிய முள் மூன்று நிமிடம் நகரும் தூரம்! கண்மதிப்பில் முடுக்கியவர் மூன்று நிமிடம் முன்னே பின்னே விடுவதற்கு எவ்வளவு நேரமாகும்?

நெட்டைக் கேஜை வைத்து பாய் போல்ட்டைத் தள்ளினார். வைஸ் நெரித்த இடத்தில் அது முரண்டு பிடித்தது. ஆனால் கடைசியில் மூடிவிட்டது. மூடக் கூடாதது மூடிவிட்டது.

இந்த நிலையில் சுட்டால் பித்தளைத் தோட்டாக்கூடு பின்பக்கம் இழுபட்டு நீளும். அறுந்தால், கொதிக்கும் வாயு முன்னே போவதற்குப் பதில் போல்ட் வழியாக முகத்துக்கு வரும். ஒரு வேட்டில் வராவிட்டால் பத்தாவது வேட்டில் வரலாம். தேங்காய் சுட நின்றிருக்க வேண்டியவர் முதலாளி. அவர் பக்கத்தில் பேரப்பிள்ளைகள்.

சட்டம் சொல்வது

நம் நாட்டில் இந்த வேலை வீட்டில் நடக்கவே கூடாது என்பதையும் பாய்தான் எடுத்துச் சொன்னார். 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-வது பிரிவு, துப்பாக்கி செய்வதற்கு மட்டுமல்ல, பழுது பார்ப்பதற்கும் சோதிப்பதற்கும் தனி லைசென்சு கேட்கிறது. மீறினால் 2019-ல் திருத்திய பிறகு தண்டனை ஏழு ஆண்டுக்குக் குறையாது. ஆயுள் வரை போகலாம். குடகர்களுக்கு ஆங்கிலேயர் காலத்திலிருந்தே ஆயுத லைசென்சிலிருந்து விலக்கு உண்டு. மத்திய அரசு 2019-ல் அதை 2029 வரை நீட்டித்தது. ஆனால் அந்த விலக்கு வைத்திருக்கவும் எடுத்துச் செல்லவும்தான். "கையில வச்சுக்கச் சொன்னாங்க, கழற்றச் சொல்லலை" என்றார் பாய்.

என் அபிப்பிராயத்தில் இந்த விஷயத்தில் சட்டம் சற்றுக் கடுமையாகவே இருந்துவிட்டுப் போகட்டும். கேஜ் இல்லாத வீட்டில் குழல் கழற்றுவது, தராசு இல்லாமல் விஷ மருந்து நிறுப்பது மாதிரி.

ரைபிளைச் சீர் செய்ய முடியுமா என்று முதலாளி கேட்டார். குழலை மாற்றலாம், நெரிந்த உடலை நம்பி மாற்ற மாட்டேன் என்று பாய் சொல்லிவிட்டார். சோதித்ததற்கு மட்டும் கூலி வாங்கிக்கொண்டு, பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கினார். புறப்படும்போது மருமகன் அந்த மரக் கட்டைகளைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 3-ந் தேதி இரவு நண்பர் தோட்டத்திலிருந்து தொலைபேசியில் பேசினார். தேங்காய்ப் போட்டிக்கு வீட்டிலிருந்த இரட்டைக் குழல் துப்பாக்கியை எடுத்துப் போனார்களாம். தாத்தாவின் ரைபிளையும் பூஜையில் வைத்தார்களாம். குடகில் அன்றைக்குத் துப்பாக்கிக் குழல் வாயில் ஒரு பூச் செருகுவார்கள். துப்பாக்கிப் பூ என்றே அதற்கு அங்கே பெயர். அது வேறு எதுவுமில்லை, நம் தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தள்தான். ரைபிளுக்கும் ஒன்று செருகி, போல்ட்டைத் தனியே எடுத்துப் பெட்டியில் பூட்டிவிட்டார்கள். சாவி முதலாளியம்மாவிடம் இருக்கிறதாம்.